செண்பகவல்லிக்கும் சேர்த்து ஓர் அர்ச்சனை

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி, வேர்க்கடலைச் சட்னி. எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் கடலைச் சட்னிக்கு நல்ல நாள் கெட்ட நாள் கிடையாது. நான் மூன்றாவது இட்லியில் இருந்தபோது, மேஜைமேல் மல்லாந்து கிடந்த என் கைப்பேசி ஒருமுறை துடித்து அடங்கியது. திரையில் ஒரு வரி வந்து நின்றது. என் மனைவி கண்ணாடி போடாமலே படித்துவிட்டாள். மளிகைச் சீட்டைப் படிக்கத்தான் அவளுக்குக் கண்ணாடி வேண்டும். என் கைப்பேசியைப் படிக்க வேண்டாம்.

“செண்பகவல்லி எங்க போனாங்க? உங்களுக்குத் தெரியாம இருக்காதே!”

“யாருங்க அந்தச் செண்பகவல்லி?” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“தெரியாது” என்றேன். கடலைச் சட்னி புரை ஏறியது. 24 வருடக் குடித்தனத்தில் நான் சொன்ன பொய்களிலேயே இதுதான் சின்னது; புரை ஏறியதோ இதற்குத்தான்.

தலையில் இரண்டு தட்டு தட்டி, தண்ணீர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, “சரி. வர்ற சதுர்த்திக்குக் காணிப்பாக்கம் போலாம். அங்க வந்து இதையே சொல்லுங்க” என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த வாக்கியத்தில் இருக்கும் ஆபத்து புரியாது. எங்களைப் போலப் புத்தலப்பட்டில் இருப்பவர்களுக்குக் காணிப்பாக்கம் அடுத்த தெரு மாதிரி. பாகுதா ஆற்றங்கரையில், கிணற்றுக்குள்ளிருந்து தானாக எழுந்தவர் என்று சொல்லப்படும் வரசித்தி விநாயகர். 11ஆம் நூற்றாண்டில் குலோத்துங்க சோழன் கட்டிய கோயில் என்பது தலபுராணம். விக்கிரகம் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பது நம்பிக்கை. முன்காலத்தில் சாத்திய வெள்ளிக் கவசம் இப்போது அவருக்குப் போதவில்லை என்று ஆதாரம் காட்டுவார்கள். (என் பழைய பேன்ட்டுகளை வைத்து என் மனைவியும் இதே முறையில்தான் நிரூபிக்கிறாள். ஆனால் என்னைப் பார்த்து யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை.) அந்தப் பிள்ளையாரின் தனிப்பட்ட இலாகா, சத்தியம். வாங்கிய கடனை வாங்கவில்லை என்பவனிடம் “காணிப்பாக்கத்துக்கு வா” என்பார்கள். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிற ஆளும் அங்கே குளத்தில் முங்கி ஈரத்தோடு வந்து நின்றால் நாக்குக் குழறும். அரசியல்வாதிகள்கூட ஒருவரையொருவர் அங்கே சத்தியம் செய்யக் கூப்பிட்டுக்கொள்வார்கள். கூப்பிடுவதோடு பெரும்பாலும் சரி.

அந்தச் சந்நிதியில் நின்று நான் சொல்ல வேண்டிய உண்மை இதுதான்: செண்பகவல்லி நான்தான்.

எப்படி ஆனேன் என்பதைச் சொல்கிறேன். மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதுகிறேன். ஜூன், ஜூலையில் தோதாப்புரி லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் மூச்சுவிடுவதைத் தவிர வேலை இருக்காது. அந்த மற்ற மாதங்களில் பிறந்ததுதான் என் மாடித்தோட்டம். 16 பெயின்ட் வாளி, ஆறு சாக்குப்பை, உடைந்த வாஷ்பேசின் ஒன்று. விதை போடுவது, தண்ணீர் ஊற்றுவது, இலையைத் திருப்பிப் பூச்சி பார்ப்பது, காய் பறிப்பது எல்லாம் என் மனைவி. தோட்டக்காரன் நான். அதாவது, போட்டோ எடுப்பேன்.

எடுத்த போட்டோவை யாருக்காவது காட்ட வேண்டுமே. டெலிகிராமில் ஒரு மாடித்தோட்டக் குழுவில் சேர்ந்தேன். எண்ணூறு பேருக்குமேல் இருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் அட்மின் போட்ட விதி கண்ணில் பட்டது: “சொந்தப் பெயர், ஊர்ப் பெயர் கட்டாயம்.”

சொந்தப் பெயராம்! எல்லைக்கு இந்தப் பக்கம், ஆந்திராவில் இருக்கும் தமிழனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. 1911இல் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்குவதற்கு முன்னால் எங்கள் ஊரும் என் மாமியார் ஊரான குடியாத்தமும் ஒரே வட ஆற்காட்டில்தான் இருந்தன. சித்தூரே அதற்குத் தலைநகரம். பிறகு கோடு போட்டார்கள், கோட்டை நகர்த்தினார்கள். 1960இல் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நாங்கள் மட்டும் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக அப்படியே இருக்கிறோம். தெலுங்குக்காரருக்குப் பெயருக்கு முன்னால் ‘இண்டி பேரு’, அதாவது வீட்டுப் பெயர், உண்டு. எனக்கு முன்னால் இருப்பது அப்பாவின் முதலெழுத்து. “மீ இண்டி பேரு ஏமண்டி?” என்று கேட்பார்கள். “இனிஷியல் கோ” என்பேன். கேட்டவர் முகத்தில் ஓர் இரக்கம் வரும். வீட்டுப் பெயரே இல்லையாம், பாவம், வாடகை வீடு போலிருக்கிறது.

ஏதோ ஒரு விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். கோ. ரங்கராஜன், கோவிந்தசாமி ரங்கராஜன் ஆனேன். முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர் என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டிவிட்டது. அன்றிலிருந்து கூரியர் பையன் முதல் கிரெடிட் கார்டு பெண் வரை எல்லாருக்கும் நான் ‘கோவிந்தசாமி காரு’. என் அப்பா காலமாகிப் பதினைந்து வருடம் ஆகிறது. இப்போதும் அவருக்கு வாரம் நாலு பேர் கடன் தரக் கூப்பிடுகிறார்கள். இருந்தபோது ஒருத்தரும் அவருக்குக் கைமாத்துகூடக் கொடுத்ததில்லை.

சரி, காகிதத்தை விடுங்கள். அம்மாவுக்கு நான் ‘ராஜு’. ஃபேக்டரியில் ‘ரங்கண்ணா’. மகனுக்கு ‘நைனா’. மனைவிக்கு ‘ஏங்க’. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் பாட்டி சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதை இத்தனை வருடமாகக் காப்பாற்றிவருகிறாள். ஆக, ரங்கராஜன் என்கிற என் சொந்தப் பெயரை இந்த உலகத்தில் உபயோகிக்கிறவர் யாருமே இல்லை. அது துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்த பட்டு வேட்டி.

இந்தச் சங்கடம் எனக்கு மட்டுமில்லை. 2011இல் கூகுள் பிளஸ் வந்தபோது சொந்தப் பெயர்தான் வேண்டும் என்று அடம்பிடித்துப் பலருடைய கணக்கை முடக்கினார்கள். பெயருக்கு முன்பாதி, பின்பாதி என்று இரண்டு கட்டம். உலகத்தில் ஒற்றைப் பெயரோடு வாழ்கிறவர்கள் உண்டு என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நம் ஆட்கள் கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஒற்றை எழுத்தோ புள்ளியோ வைத்துவிட்டுப் போகப் பழகியவர்கள். 2014 ஜூலையில் அந்த விதியைக் கைவிட்டார்கள். தென்கொரியா இன்னும் ஒரு படி மேலே போய், பெரிய இணையதளங்களில் எழுதுகிறவர் தன் அடையாளத்தை நிரூபித்தாக வேண்டும் என்று 2007இல் சட்டமே போட்டது. 2011இல் ஒரே திருட்டில் மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. 2012 ஆகஸ்டில் அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. ஒரு நாட்டாலேயே முடியாததை எங்கள் மாடித்தோட்ட அட்மின் செய்து காட்டப் பார்த்தார்.

இருந்தாலும் முதலில் நான் நேர்மையாகத்தான் போனேன். “கோ. ரங்கராஜன், புத்தலப்பட்டு.” ஊர்ப் பெயர் போடும்போது மட்டும் மார்பு கொஞ்சம் விரிந்தது. அது அப்பா வழிச் சொத்து. கொழும்பிலிருந்து தமிழ்ப் பாட்டு வந்த காலத்தில், நேயர் விருப்பத்துக்கு அட்டை எழுதுவதுதான் அவருடைய பொழுதுபோக்கு. பாட்டு அவருக்கு முக்கியமில்லை. பாட்டுக்கு முன்னால் பெயர் வர வேண்டும், பெயரோடு ஊர் வர வேண்டும். வடக்கே ஜும்ரி தலையா என்று ஓர் அபிரகச் சுரங்க ஊர், இன்றைய ஜார்க்கண்டில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் வானொலிக்குச் சளைக்காமல் பாட்டுக் கேட்டு எழுதியே ஊரை நாடறியச் செய்தார்கள். புத்தலப்பட்டைத் தெற்கத்தி ஜும்ரி தலையா ஆக்கிவிடுவது என்று அப்பா கங்கணம் கட்டியிருந்தார். ஒரு நாள் மாலை பெயர் வந்தேவிட்டது: “புத்தளம் கோவிந்தசாமி.” இலங்கையில் புத்தளம் என்று நிஜமாகவே ஓர் ஊர் இருக்கிறது. தப்பு அறிவிப்பாளருடையதல்ல, அப்பாவின் கையெழுத்து அப்படி. கடல் தாண்டிப்போய் அவர் கொஞ்ச நாள் இலங்கைவாசியாக இருந்துவிட்டு வந்தார்.

அந்தப் பரம்பரையில் வந்தவன் சொந்தப் பெயரில் போட்ட முதல் பதிவு: பாகற்கொடி படத்தோடு, காய் மஞ்சளடித்து உதிர்வது பற்றி ஒரு பக்கக் கட்டுரை. பதில் ஒன்றுதான் வந்தது. “அண்ணா, நீங்க எந்த ரங்கராஜன்? குரூப்ல ஏற்கனவே மூணு பேர் இருக்காங்க.”

அன்று இரவு படுக்கையில் புரண்டபோதுதான் உறைத்தது. ரங்கராஜன் என்ற பெயருக்கே ஒரு தலைவிதி இருக்கிறது. எஸ். ரங்கராஜன் கதை எழுத வந்தார். குமுதத்தில் ஏற்கனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார், குழப்பம் வேண்டாமென்று இவர் மனைவி பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். டி.எஸ். ரங்கராஜன் ஓவியர் மாலி மாதிரி வர ஆசைப்பட்டார். மாலிக்கு எதுகையாக நண்பர் ஒருவர் வைத்த பெயரோடு கடைசியில் பாட்டெழுதப் போய் வாலி ஆனார். பெயரை விட்டுக்கொடுக்காத ரா.கி. ரங்கராஜனாவது சும்மா இருந்தாரா? சூர்யா, ஹம்சா, துரை, கிருஷ்ணகுமார், முள்றி, அவிட்டம், மாலதி என்று ஒரு குடும்பத்தையே தனக்குள் வைத்துக்கொண்டு எழுதினார். ஆக, ரங்கராஜன் என்று பெயர் வாய்த்தால் புனைபெயருக்குப் போவது குலவழக்கம். அதிலும் சுஜாதா, மாலதி என்று பெண் பெயருக்குப் போவது உத்தமம். நான் நாலாவது ரங்கராஜன். வழக்கத்தை மீற நான் யார்?

மனைவி பெயரையே எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கதை தப்பாகப் போனால் எழுத்தாளர் அடுத்த வாரம் திருத்திக்கொள்வார். மனைவி பெயரில் உரம் தப்பாகப் போனால் அடுத்த வேளைச் சாப்பாடு என்ன ஆகும்? எதிர்வீட்டுச் செண்பக மரத்தைப் பார்த்தேன். செண்பகவல்லி பிறந்தாள்.

பிறந்த அன்றே அவள் கெட்டிக்காரி. ரங்கராஜன் கேட்ட அதே பாகற்கொடிக் கேள்வியைச் செண்பகவல்லி கேட்டாள். அரை மணி நேரத்தில் இருபது பதில். பழ ஈ வேலை என்றார்கள், பொறி கட்டச் சொன்னார்கள், “கவலப்படாதீங்க அக்கா” என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர்கள் நல்லவர்கள்தான், ரங்கராஜனிடம்தான் ஏதோ கோளாறு.

சீக்கிரமே அக்காவிடம் எல்லாரும் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கும் வழி இருந்தது. தினமும் சாயங்காலம் மனைவி மாடியில் செடிகளோடு பேசிக்கொண்டே நடப்பாள். “கழனித் தண்ணிய அன்னன்னைக்கே ஊத்துனா இன்னா பிரயோஜனம், ரெண்டு நாள் புளிக்கணும்.” “மொளகாய்க்கு வேர் நனைஞ்சா போதும், குளிப்பாட்டக் கூடாது.” நான் சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் நின்று அப்படியே தட்டச்சு செய்வேன். வியாசர் சொல்லப் பிள்ளையார் எழுதினார். அவர் அதற்காகத் தந்தத்தை ஒடித்தார். நான் பொத்தானை அமுக்கினேன். பெயர் மட்டும் மூன்றாமவருக்குப் போயிற்று.

இது ஏமாற்று இல்லையா என்று ஒரு நாள் உறுத்தியது. மகனிடம், யாரைப் பற்றி என்று சொல்லாமல், கேட்டுப் பார்த்தேன். அவன் கைப்பேசியில் சதுரங்கம் ஆடுகிறவன். “நைனா, கார்ல்சனே லிச்செஸ் சைட்டுல டாக்டர் நிக்டர்ஸ்டைன்னு பேர் வெச்சிக்கினுதான் ஆடினார். அப்போ உலக சாம்பியன். பேர்ல இன்னா இருக்கு, ரேட்டிங்தான் ஆளு” என்றான். “பேரை மாத்திக்கிட்டா?” என்றேன். “மாத்திக்கோ. புதுப் பேர்ல மறுபடி 1500ல இருந்து ஆரம்பிக்கணும். சேத்து வெச்சது போய்டும்.” இதில் முதல் பாதி எனக்குப் பிடித்தது. இரண்டாம் பாதியை அப்போது காதில் வாங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் பொழுதுபோக்கு உலகம் முழுக்கவே இப்படித்தான். ஹாம் ரேடியோக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பரீட்சை எழுதி, மத்திய அரசிடம் உரிமம் வாங்கி, அதோடு ஓர் அழைப்புக்குறியும் வாங்குகிறார்கள். அதுதான் காற்றில் அவர்களுடைய பெயர். ராஜீவ் காந்தி அங்கே பிரதமரில்லை, விஐபி இல்லை, வி.யு.2.ஆர்.ஜி., அவ்வளவுதான். அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த புனைபெயர். குறியைச் சொல்லாமல் பேசக் கூடாது, அடுத்தவர் குறியில் பேசவே கூடாது.

குறுக்கெழுத்துக்காரர்கள் இன்னும் சுவாரசியம். நம் ‘தி இந்து’ ஆங்கிலக் குறுக்கெழுத்தைப் போடுகிறவர்கள் கிரிட்மேன், நெயார்த்தா, ஆர்டன் என்று புனைபெயரில்தான் வருவார்கள். இது இங்கிலாந்து வழக்கம். அங்கே பழைய பெருந்தலைகள் டார்க்கெமாடா, ஷிமெனஸ் என்று ஸ்பெயின் தேசத்து மதவிசாரணைத் தலைவர்களின் பெயர்களைச் சூட்டிக்கொண்டார்கள். ஆளைச் சித்திரவதை செய்வதுதான் நோக்கம் என்பதை மறைக்கவில்லை. கார்டியன் பத்திரிகைக்கு ஐம்பது வருடத்துக்குமேல் புதிர் போட்ட ஜான் கிரஹாம் என்ற பாதிரியார், அரௌகாரியா என்று ஒரு மரத்தின் பெயரை வைத்துக்கொண்டார். நம் நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் விற்கிறார்களே, அந்தக் குடும்பம். அதில் ஒரு வகைக்கு இங்கிலாந்தில் ‘குரங்குப் புதிர் மரம்’ என்று பெயர். 2013 ஜனவரியில் அவர் ஒரு புதிர் போட்டார். கட்டங்களை நிரப்பினால், அரௌகாரியாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்ற செய்தி வந்தது. தன் நோய்ச் செய்தியைக்கூட அந்தப் பெயரிலேயே, அந்தக் கட்டங்களுக்குள்ளேயே வாசகருக்குச் சொல்லிவிட்டு, அந்த வருடம் நவம்பரில் 92 வயதில் போய்ச் சேர்ந்தார்.

ஒரு மரத்தின் பெயருக்குள் ஒரு மனிதர் இப்படி வாழ்ந்து முடித்திருக்கிறார். செண்பகமும் மரம்தானே என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். நிமிர்த்திய சூட்டில்தான் அது நடந்தது.

மனைவி குடியாத்தம் போயிருந்தாள். சொந்த அறிவை உபயோகிக்க வேண்டிய நெருக்கடி எனக்கு. குழுவில் ‘கள்ளிச்செடி’ என்ற பெயரில் ஒருவர் கேட்டிருந்தார்: “அக்கா, கத்தரியில மாவுப்பூச்சி வெள்ளையா அப்பிக்கிட்டு இருக்கு. என்ன செய்யலாம்?” மனைவி வேப்பெண்ணெய் அடிப்பாள், அது தெரியும். சோப்புக் கரைசல் கலப்பாள், அதுவும் தெரியும். அளவு? கணக்கெழுதுகிறவன் அளவில் தடுமாறலாமா? “லிட்டருக்கு 50 மில்லி. நல்ல வெயிலில் அடிங்க, சட்டுன்னு காயும்” என்று எழுதி, கீழே ஒரு செண்பகப் பூவும் போட்டேன்.

மூன்றாம் நாள் படங்கள் வந்தன. பதினோரு கத்தரிச் செடி. இலைகள் சுட்ட அப்பளமாக இருந்தன. மாவுப்பூச்சியும் செத்திருந்தது, அதற்கு உட்கார இலை இல்லையே. கீழே ஒரே வரி: “அக்கா, அளவு சரிதானா?”

அந்த ஒரு வரிக்கு முன்னால் நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். “தப்பு என்னுடையது, மன்னிச்சுக்கோங்க” என்று எழுத எத்தனை எழுத்து வேண்டும்? எழுதவில்லை. செண்பகவல்லி குழுவை விட்டு வெளியேறினாள். பத்து நிமிஷத்தில், கைப்பேசியில் இருந்த இன்னொரு சிம்மைக் கொண்டு ‘மண்புழு’ என்ற புது உறுப்பினர் உள்ளே வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? இல்லை. “பேரும் ஊரும் தெரியாதவங்க சொல்றதைக் கேட்டா இப்படித்தான் ஆகும். சொந்தப் பெயர் விதியைக் கடுமையாக்கணும்” என்று ஆவேசமாக எழுதினார். எழுதியது மண்புழு.

குழு இரண்டாகப் பிரிந்தது. சொந்தப் பெயர் இருந்தால்தான் வாயில் அளவு நிற்கும் என்றது ஒரு கட்சி. அப்போது ஒரு பெண் அமைதியாக எழுதினார்: “நான் முதலில் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடதான் இருந்தேன். தக்காளி பத்திக் கேட்டவங்களைவிட, ராத்திரி பதினொரு மணிக்குத் தனியா வந்து ‘சாப்ட்டீங்களா மா’ன்னு கேட்டவங்கதான் அதிகம். அவங்க எல்லாருமே சொந்தப் பெயர்லதான் இருந்தாங்க.” எனக்குச் சுருக்கென்றது. செண்பகவல்லிக்கும் அப்படி ஏழெட்டு வந்திருந்தன. பெயர், படம், படித்த பட்டம் எல்லாம் சரியாகப் போட்ட கனவான்கள். ஒருவர் தினமும் குட்மார்னிங்கோடு ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருந்தார். மாடித்தோட்டக்காரர், ஆனால் ரோஜா மட்டும் சொந்தச் செடியில் பூத்ததில்லை, இணையத்தில் எடுத்தது.

அக்காவைத் தேடுகிறவர்களும் இருந்தார்கள். அளவு ஒருமுறை தப்பினால் என்ன, அத்தனை நாள் சொன்னதெல்லாம் பலித்ததே என்றார்கள். அவர்களில் ஒருவருக்குத்தான் மண்புழுவின் நடையைப் பார்த்துச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை வரி அவருடையது.

சங்கடஹர சதுர்த்தி அன்று காணிப்பாக்கம் பஸ்ஸில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மனைவி மடியில் தேங்காய்ப் பை. வழியெல்லாம் மாந்தோப்பு; பேச்சில்லை. கோயில் ஆர்ச் கண்ணில் பட்டதும் எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

“செண்பகவல்லி நான்தான்” என்றேன், முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு.

“தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“அவ போட்ட பாவக்கொடி படத்துல பின்னாடி கொடியில நைட்டி காயுது. மண்புழு போட்ட மொளகா படத்துலயும் அதே நைட்டி காயுது. தீபாவளிக்கு என் தங்கச்சி வாங்கிக் குடுத்தது. அவதான் பாத்துட்டுப் போன் பண்ணா.”

“உன் தங்கச்சி அந்தக் குழுவுல இருக்காளா?”

“கள்ளிச்செடி வேற யாரு? செடி பதினொண்ணும் எங்கம்மா வெச்சது.”

மாமியாரின் கத்தரிச் செடிகள்! அடுத்த பொங்கலுக்கு நான் குடியாத்தம் போக வேண்டும். பஸ் நின்றால் இறங்கி ஆற்றில் விழலாமா என்று பார்த்தேன். பாகுதாவில் தண்ணீர் இல்லை.

“தெரிஞ்சேதான் சத்தியம் பண்ணக் கூட்டிக்கினு வந்தியா? பொம்பள பேர் வெச்சிக்கிட்டதுக்குக் கோவமா?”

“பேர் நல்லாத்தான் இருக்குது” என்றாள். “அளவு தப்பா சொன்னதுக்குக்கூட நான் ஒண்ணும் சொல்லல. யாருக்குத்தான் தப்பு வராது? ஆனா அவள நடுத்தெருவுல உட்டுட்டு ஓடிப்போயி, மண்புழுவா வந்து அவளயே திட்டினீங்க பாருங்க, அதான் மனசு ஆறல. எவ்ளோ பேருக்கு ஒத்தாசையா இருந்தவ. பாவம் அவ.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் மனைவி செண்பகவல்லியின் கட்சி என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் பேசிய பேச்சால் ஆனவளல்லவா அந்தப் பெண்! மகன் சொன்ன இரண்டாம் பாதியும் அப்போதுதான் காதில் விழுந்தது. கார்ல்சனும் அரௌகாரியாவும் மூன்று ரங்கராஜன்களும் பெயரை மறைத்தவர்களில்லை, இன்னொரு பெயரைச் சம்பாதித்தவர்கள். தோற்றாலும் தப்பானாலும் அந்தப் பெயரில்தான் தோற்றார்கள். புனைபெயர் பொய் இல்லை. வசதிக்குத் தக்கபடி அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவதுதான் பொய். அதைச் சொந்தப் பெயரிலும் செய்யலாம், ரோஜாப்பூக்காரர் மாதிரி.

பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் செண்பகவல்லியாக மறுபடி குழுவில் சேர்ந்தேன். “50 மில்லி என்று நான் சொன்னது தப்பு. கள்ளிச்செடி, உங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பதினோரு நாற்று வாங்கித் தருகிறேன்” என்று எழுதினேன். ரங்கராஜன் என்று கையெழுத்துப் போட்டுப் பெருந்தன்மை காட்ட ஒரு சபலம் இருந்தது. போடவில்லை. தப்புச் செய்த பெயரில்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும். மண்புழு மண்ணுக்குள் போனது.

சந்நிதியில் அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, “கோத்ர நாமாலு செப்பண்டி” என்றார். கோத்திரம், நட்சத்திரம் சொன்னாள். பெயர் கேட்டபோது நின்றாள். 24 வருடமாகச் சொல்லாத பெயர். பிள்ளையார் முன்னால் வேறு வழியில்லை. எச்சில் விழுங்கிக்கொண்டு, “ரங்கராஜன்” என்றாள். என் பெயரை நான் முதல்முறையாகக் கேட்பது போலிருந்தது. பட்டு வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறிய சத்தம்.

அர்ச்சகர் திரும்பப் போனார். “இருங்க சாமி, இன்னும் ஒரு பேர் இருக்குது” என்றாள். “செண்பகவல்லி.”

“நட்சத்ரம்?”

என்னைப் பார்த்தாள். “ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்” என்றேன்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வேப்பெண்ணெய் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். சோப்புக் கரைசலை முதலில் எண்ணெயோடு கலந்து, பிறகு தண்ணீரில் ஊற்றி, வெயில் தாழ்ந்ததும் இலைக்கு அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். சந்தேகமிருந்தால் செண்பகவல்லி என்ற பெயரிலேயே கேட்கலாம். அவள் எங்கேயும் போகமாட்டாள்.